முன்னறை ரேடியேட்டர் கீழே சில்லென்று கிடக்கிறது, பவர் ஃப்ளஷ் அவசியமா?

வேப்பமரம் (ஹாரோ, லண்டன்)

எல்லோருக்கும் வணக்கம். எழுபதுகளில் கட்டிய செமி வீடு, காம்பி பாய்லர் (ஹீட்டிங்கும் குழாய் வெந்நீரும் ஒரே பெட்டியில்), ஒன்பது ரேடியேட்டர். ஹீட்டிங் போட்டால் முன்னறையில் இருக்கும் பெரிய ரேடியேட்டர் மேலே நன்றாகச் சுடுகிறது, கீழே நடுவில் தொட்டால் சில்லென்று இருக்கிறது. பின்னால் நீட்டிக் கட்டிய சமையலறையில் இருப்பது மேலும் கீழும் முழுக்கக் குளிர். மாடியிலோ ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டிய அளவுக்குச் சூடு. காற்று பிடித்திருக்குமோ என்று ப்ளீட் சாவி போட்டுத் திறந்து பார்த்தேன். காற்று வரவில்லை, கறுப்புத் தண்ணீர்தான் வந்தது.

பார்க்க வந்த ஒருவர் பாய்லரை ஒரு நோட்டம் விட்டுவிட்டு, "சிஸ்டம் முழுக்கச் சகதி, பவர் ஃப்ளஷ் போட்டால்தான் ஆகும், 650 பவுண்டு" என்றார். பம்ப் வைத்துத் தண்ணீரை வேகமாக ஓடவிட்டு சிஸ்டம் முழுவதையும் கழுவுவதாம். ஒரு நட்டைக்கூடத் தொடவில்லை. கொடுக்கலாமா, இல்லை நாமே செய்யக்கூடியது ஏதாவது உண்டா? ஸ்பேனர் பிடிக்கத் தெரியும். காஸ் பக்கம் போக மாட்டேன்.

நெல்லைச்சீமை (ஸ்லௌ)

எங்கள் வீட்டில் இதே மாதிரி இருந்தபோது அந்த ரேடியேட்டரையே தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கி மாட்டினோம். கொஞ்ச காலம் நன்றாக இருந்தது. இப்போது அதுவும் கீழே குளிர ஆரம்பித்துவிட்டது. அதனால் புதிது வாங்குவதற்கு முன்னால் யோசியுங்கள்.

குழாய்க்காரர் (காஸ் வேலைக்கான காஸ் சேஃப் பதிவு உண்டு, வடமேற்கு லண்டன்)

தம்பி வேப்பமரம், பணம் கொடுக்க முதல் கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் சொல்வதில் ஒரு கோளாறு அல்ல, மூன்று தெரிகிறது.

மேலே சூடு, கீழே நடுவில் குளிர் என்றால் அது சகதி. இதற்கு நேர்மாறாக மேலே குளிர், கீழே சூடு என்றால் காற்று. முழுக்கக் குளிர் என்றால் உடனே சகதி என்று சொல்லக் கூடாது, பெரும்பாலும் வால்வுதான் காரணம். மாடி கொதித்துக் கீழ்வீடு ஆறிக் கிடந்தால் பேலன்ஸ் செய்யவில்லை, அதாவது ரேடியேட்டர்களுக்குள் தண்ணீரைச் சரியாகப் பங்கிடவில்லை என்று அர்த்தம். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி 650 பவுண்டு விலை போடுவது எங்கள் தொழிலில் சிலருக்குப் பழக்கம்.

அந்தக் கறுப்பு என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரேடியேட்டர் இரும்புத் தகடு. தண்ணீரில் ஆக்ஸிஜன் இருந்தால் உள்ளே துரு பிடிக்கும். அடைத்து வைத்த சிஸ்டத்தில் அந்த ஆக்ஸிஜன் சீக்கிரமே தீர்ந்துவிடும், அதன்பிறகு சிவப்புத் துரு இல்லை, மேக்னடைட் என்ற கறுப்பு இரும்பு ஆக்ஸைடு உண்டாகும். மாவு போல நைஸ், ஆனால் கனம். காந்தத்தில் ஒட்டும். ரேடியேட்டரின் ஒரு கீழ்மூலையில் நுழையும் தண்ணீர் மறு கீழ்மூலையில் வெளியேறுகிறது, நடுவில் அடிப்பகுதியில் ஓட்டம் மிக மெதுவு. டிகாஷன் அடியில் வண்டல் இறங்குவது மாதிரி அங்கே போய்ப் படிந்துவிடும். அதனால்தான் குளிரும் இடம் எப்போதும் நடு அடியில் இருக்கிறது.

முதலில் சமையலறையைப் பாருங்கள். ஹீட்டிங் ஓடும்போது அந்த ரேடியேட்டருக்குப் போகும் இரண்டு பைப்பையும் தரையருகே தொட்டுப் பாருங்கள். வால்வு வரைக்கும் சூடாக வந்து அதற்கு அப்பால் குளிர்ந்தால் வால்வில்தான் பிடித்திருக்கிறது. டிஆர்வி (அறைச் சூட்டுக்கு ஏற்பத் தானே திறந்து மூடும் ரேடியேட்டர் வால்வு) தலையை 5-க்குத் திருப்பிவிட்டுக் கழற்றினால் நடுவில் சின்ன ஊசி ஒன்று நீட்டிக்கொண்டு நிற்கும். விரலாலோ மரக்கட்டையாலோ அழுத்தினால் சில மில்லிமீட்டர் உள்ளே போய்த் தானே எழும்ப வேண்டும். எழும்பாவிட்டால் அது உள்ளேயே ஒட்டிக்கொண்டது. கோடை முழுவதும் மூடிய நிலையில் கிடந்த வால்வுகளுக்கு இது சகஜம். வால்வின் உடம்பில் மெதுவாகத் தட்டி, ஊசியை அழுத்தி அழுத்தி விடுங்கள். கொறடு போட்டு இழுக்க வேண்டாம். ஊசி கையோடு வந்தால் தண்ணீரும் கூடவே வரும்.

அப்புறம் ஒரு கேள்வி. பாய்லர் பிரஷர் எவ்வளவு காட்டுகிறது? அடிக்கடி தண்ணீர் நிரப்புகிறீர்களா?

கறார்க்கணக்கு (ரெடிங்)

குழாய்க்காரர் அண்ணா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் பவர் ஃப்ளஷை ஏமாற்று வேலை போலப் பேசுவது சரியில்லை. ஒரு ரேடியேட்டரில் சகதி என்றால் மற்ற எட்டிலும் அதே தண்ணீர்தானே ஓடுகிறது? பாய்லருக்குள் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வழிகள் ரேடியேட்டரைவிடக் குறுகல். அங்கே அடைத்தால் குழாயில் வெந்நீர் சூடும் குளிருமாக மாறி மாறி வரும், பாய்லர் கெட்டில் கொதிப்பது போலச் சத்தம் போடும். புது பாய்லர் வைத்தால் பழைய சிஸ்டத்தைக் கழுவி, இன்ஹிபிட்டர் (துரு தடுக்கும் மருந்து) ஊற்றி, ஃபில்டர் மாட்ட வேண்டும் என்று பிஎஸ் 7593 என்ற பிரிட்டிஷ் தரநிலையே சொல்கிறது. கம்பெனிக்காரர்கள் வாரண்டி கேட்கும்போது முதலில் தண்ணீரைத்தான் சோதிக்கிறார்கள். 650 பவுண்டுக்குக் கணக்குப் பார்த்துப் பாய்லரை இழப்பதா?

வேப்பமரம்

அண்ணா, சமையலறை வேலை முடிந்தது! தலையைக் கழற்றினால் ஊசி உள்ளே அமுங்கிக் கிடந்தது. ஸ்பேனர் பிடியால் வால்வைச் சுற்றி மெல்லத் தட்டிக்கொண்டே அழுத்தினேன், டக்கென்று எழும்பியது. உடனே பைப்பில் தண்ணீர் ஓடும் சத்தம். கொஞ்ச நேரத்தில் ரேடியேட்டர் முழுக்கச் சுட ஆரம்பித்துவிட்டது. செலவு எதுவும் இல்லை.

பிரஷர் கேட்டீர்கள். குளிர்ந்திருக்கும்போது 0.4 பார் வரை இறங்கிவிடும். வாரத்துக்கு ஒருமுறை ஃபில்லிங் லூப்பை (குழாய்த் தண்ணீரைச் சிஸ்டத்துக்குள் விடும் இணைப்புக் குழாய்) திறந்து 1.5-க்கு ஏற்றுவோம். இது வழக்கம்தானே? முந்தைய வீட்டுக்காரரும் அப்படித்தான் செய்யச் சொன்னார்.

குழாய்க்காரர்

வழக்கம் இல்லை தம்பி. சகதிக்குக் காரணமே அதுதான்.

நான் மேலே சொன்னதைத் திரும்பப் பாருங்கள். அடைத்த சிஸ்டத்தில் ஆக்ஸிஜன் தீர்ந்ததும் துரு அநேகமாக நின்றுவிடும். நீங்கள் வாரா வாரம் புதுத் தண்ணீர் விடுகிறீர்கள், அதில் புது ஆக்ஸிஜன் இருக்கிறது. அத்தோடு உள்ளே இருந்த இன்ஹிபிட்டரும் நீர்த்துப் போகிறது. நல்ல சிஸ்டத்துக்கு வருடத்தில் ஓரிரு முறை நிரப்பினாலே அதிகம். நெல்லைச்சீமைத் தம்பியின் புது ரேடியேட்டர் ஏன் திரும்பக் குளிர்ந்தது என்பதற்கும் இதுவாகத்தான் இருக்கும்.

தண்ணீர் எங்கே போகிறது என்று கண்டுபிடியுங்கள். ரேடியேட்டர் வால்வுகளின் நட்டுகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பொரிந்திருக்கிறதா பாருங்கள், கார்ப்பெட்டைத் தடவிப் பாருங்கள். அப்புறம் வெளிச்சுவரில் பாய்லருக்கு நேராக ஒரு 15 மில்லிமீட்டர் செம்புக் குழாய் சுவர்ப் பக்கம் வளைந்து நீட்டிக்கொண்டிருக்கும், அதன் வாயில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டி வையுங்கள். அது பாதுகாப்பு வால்வின் குழாய். பிரஷர் 3 பார் தொட்டால் தண்ணீரை அதுவழியே வெளியே தள்ளும். ஹீட்டிங் ஓடும்போது பிரஷர் முள் எங்கே போகிறது என்றும் கவனியுங்கள்.

கறார்க்கணக்கு, நீங்கள் சொல்வதில் பாதி எனக்கும் சம்மதம். பவர் ஃப்ளஷ் நல்ல வேலை, நானும் செய்து கொடுக்கிறேன். பெரிய பம்ப்பை இணைத்து, மருந்து கலந்த தண்ணீரை வேகமாக ஓடவிட்டு, ஒவ்வொரு ரேடியேட்டராகத் தனித்தனியே திறந்து, ஓட்டத்தை முன்னும் பின்னும் மாற்றி, தண்ணீர் தெளியும்வரை விட வேண்டும். ஒன்பது ரேடியேட்டர் என்றால் நாள் முழுக்க வேலை. இரண்டு மணி நேரத்தில் முடித்துக் கிளம்புகிறவர் செய்வது வேறு ஏதோ. இன்னொன்று, நன்றாகக் கல்லாகிப் போன அடைப்பை ஃப்ளஷ் அசைக்காது. தண்ணீர் எளிதான வழியாகவே ஓடும், அடைத்த இடத்தைச் சுற்றிப் போய்விடும். உள்ளே அரித்து மெலிந்துபோன பழைய ரேடியேட்டரில் அந்தச் சகதிதான் ஓட்டையை மூடிக்கொண்டிருக்கும், கழுவியதும் ஒழுகத் தொடங்கும். ஒரு ரேடியேட்டரில்தான் குளிர் என்றால் அந்த ஒன்றைக் கழற்றித் தோட்டத்தில் வைத்துக் கழுவுவது எந்த மெஷினைவிடவும் நல்லது.

தணல் (ஈஸ்ட் ஹாம்)

நாங்கள் வாடகை வீடு. படுக்கையறை ரேடியேட்டர் போன வருடத்திலிருந்தே சூடாவதில்லை. வீட்டுக்காரருக்குப் போன் செய்தால் "காற்று எடுங்கள்" என்று மட்டும் சொல்கிறார். குழந்தை இருக்கிறது, எலக்ட்ரிக் ஹீட்டர் போட்டு பில் எகிறுகிறது. இதையெல்லாம் நாங்களே கழற்றிச் செய்யலாமா?

குழாய்க்காரர்

தங்கச்சி, நீங்கள் கழற்ற வேண்டாம். கறுப்புத் தண்ணீர் கார்ப்பெட்டில் விழுந்தால் அந்தக் கறை போகாது, டெபாசிட்டில் கழிப்பார்கள். காற்று எடுப்பது, டிஆர்வியைத் திருப்பிப் பார்ப்பது, அதோடு நிறுத்துங்கள்.

கறார்க்கணக்கு

தணல் அக்கா, போனில் சொல்லாதீர்கள், எழுத்தில் அனுப்புங்கள். இங்கிலாந்தில் 1985-ஆம் ஆண்டின் வீட்டுக்காரர் வாடகைதாரர் சட்டம், பிரிவு 11-ன்படி, சாதாரண வாடகை ஒப்பந்தங்களில் அறையைச் சூடாக்கும் சாதனங்களையும் வெந்நீர் சாதனங்களையும் வேலை செய்யும் நிலையில் வைத்திருப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலும் அது செல்லாது. ரேடியேட்டரின் மேல், கீழ், இரண்டு பைப் எல்லாவற்றையும் தொட்டு எது சூடு எது குளிர் என்று மின்னஞ்சலில் எழுதுங்கள், தேதி போடுங்கள். பதில் இல்லாவிட்டால் கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவுக்குப் போகலாம். அறையில் குழந்தை இருப்பதையும் சொல்லுங்கள்.

டோர்ட்மண்ட்காரன் (ஜெர்மனி)

இங்கிலாந்துக்காரர்கள் எல்லாவற்றுக்கும் ஒரு பாட்டில் மருந்து ஊற்றுவதைப் பார்த்தால் எங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். இங்கே விடிஐ 2035 என்ற வழிகாட்டி இருக்கிறது. உப்பு நீக்கிய தண்ணீரை நிரப்பு, பிஎச் அளவைச் சரியாக வைத்துக்கொள், காற்று புகாமல் பார், அவ்வளவுதான். இன்ஹிபிட்டர் என்பது கடைசி வழி. என் வீட்டில் தண்ணீர் வெளுத்த டீ நிறம்கூட இல்லை. ஆனால் அடுக்குமாடிகளில் குடியிருப்பவர் எதையும் தொட முடியாது, நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதிவிட்டுக் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அந்த விஷயத்தில் நீங்கள் கொடுத்து வைத்தவர்கள்.

குழாய்க்காரர்

டோர்ட்மண்ட் தம்பி, உங்கள் முறையில் தப்பில்லை. ஆனால் முதல் நாளிலிருந்து அப்படி நிரப்பிய சிஸ்டத்துக்குத்தான் அது பொருந்தும். இங்கே நாற்பது வருடப் பைப், நாலு பேர் கைவைத்த வேலை, குழாய்த் தண்ணீர். இதில் மருந்து இல்லாமல் முடியாது. காற்று புகாமல் பார் என்றீர்களே, அதில் மட்டும் இரண்டு நாடும் ஒத்துப்போகிறது.

பழையபாய்லர் (குரோய்டன்)

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்களுடையது காம்பி இல்லை. லாஃப்டில் சின்னத் தொட்டி, ஏரிங் கப்போர்டில் (துணி உலர்த்தும் அலமாரி) வெந்நீர் சிலிண்டர், பம்ப். பைப்புகள் பேனா தடிமன்தான் இருக்கும், 8 மில்லிமீட்டராம். பிரஷர் முள் எதுவும் கிடையாது. கீழ்வீட்டில் மூன்று ரேடியேட்டர் சேர்ந்தாற்போல் குளிர். ஓயாமல் காற்று எடுக்க வேண்டியிருக்கிறது. லாஃப்டில் ஏறிப் பார்த்தால் மேலே வளைந்த குழாயிலிருந்து அந்தத் தொட்டிக்குள் வெந்நீர் கொட்டுகிறது. தொட்டித் தண்ணீர் பழுப்பு நிறம்.

குழாய்க்காரர்

இது வேறு கதை, ஆனால் சுவாரஸ்யமான கதை.

மேலிருந்து வெந்நீர் கொட்டுவதை நாங்கள் பம்ப்பிங் ஓவர் என்போம். லாஃப்ட் தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்கும் குளிர்நீர்க் குழாய் ஹீட்டிங் பைப்போடு சேரும் இடம் அடைத்திருக்கும். கீழே போக வழியில்லாத அழுத்தம் நீங்கள் பார்த்த அந்த வளைந்த வென்ட் குழாய் வழியாக மேலே தப்பிக்கிறது. கொட்டும் தண்ணீர் காற்றை வாரிக்கொண்டு திரும்ப இறங்குகிறது. அதனால் உங்களுக்குத் தண்ணீர் கறுப்பாக இல்லை, பழுப்பாக இருக்கிறது. பழுப்பு என்றால் இந்த நிமிஷமும் ஆக்ஸிஜன் புகுந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

சோதனை சுலபம். பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தம் கொஞ்சம் பலமானதாக இருந்தால் போதும், எடுத்து ஏரிங் கப்போர்டில் அந்தக் குழாய்கள் சேரும் இடத்தில் வைத்துப் பாருங்கள். செம்பில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே மேக்னடைட் அடைத்திருக்கிறது. அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் புதிது போட வேண்டும், மருந்தால் கரையாது. வெட்டிய துண்டைப் பார்த்தால் ஊசி நுழையும் துளைகூட இல்லாமல் கறுப்பாக இறுகியிருக்கும்.

8 மில்லிமீட்டர் மைக்ரோபோர் பைப்புகள் ஒரு மேனிஃபோல்டிலிருந்து கிளை பிரியும், பெரும்பாலும் தரைப்பலகைக்குக் கீழே. மூன்று ரேடியேட்டர் சேர்ந்து போயிருக்கிறது என்றால் அந்த மேனிஃபோல்டில்தான் சந்தேகம். அங்கேயும் காந்தத்தை வையுங்கள். மைக்ரோபோரில் பவர் ஃப்ளஷ் எப்போதும் எடுபடும் என்று உறுதி கொடுக்கிறவரை நம்பாதீர்கள். அந்தப் பைப்பில் அடைப்பு இருந்தால் ஒவ்வொரு கிளையாகப் பிரித்து, தனித்தனியாகத் தண்ணீர் அடித்துத்தான் எடுக்க முடியும். சில நேரம் அந்தக் கிளையையே மாற்றுவது மலிவு.

பழையபாய்லர்

காந்தம் அப்படியே பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது! மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். மேனிஃபோல்ட் எங்கே என்று இன்னும் தெரியவில்லை, முன்னறைக் கார்ப்பெட்டைத் தூக்க வேண்டும் போலிருக்கிறது. குழாய் வெட்டும் வேலைக்கு ஆள் பார்க்கிறேன். நன்றி அண்ணா.

வேப்பமரம்

பை கட்டியதன் பலன் தெரிந்தது. காலையில் பார்த்தால் பைக்குள் அரை டம்ளர் தண்ணீர். ஹீட்டிங் ஓடும்போது முள் 1.5-லிருந்து நேரே ஏறி 3 வரை போகிறது, அணைத்து ஆறியதும் 0.5-க்குக் கீழே.

குழாய்க்காரர்

அப்படியென்றால் எக்ஸ்பான்ஷன் வெசல். தண்ணீர் சூடானால் பெருகும், அந்தப் பெருக்கத்துக்கு இடம் கொடுக்கப் பாய்லருக்குள் ஒரு சிவப்பு அல்லது சாம்பல் நிறப் பாத்திரம் இருக்கிறது. உள்ளே ரப்பர் சவ்வு, ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் காற்று. அந்தக் காற்று போய்விட்டால் பெருகும் தண்ணீர் 3 பாரைத் தொட்டு வெளியே கொட்டும். ஆறியதும் பிரஷர் குறையும், நீங்கள் நிரப்புவீர்கள், மறுபடி கொட்டும். இப்படித்தான் சகதி வளர்ந்திருக்கிறது.

காற்று அடிப்பது சின்ன வேலை. சிஸ்டத்தில் பிரஷரை இறக்கிவிட்டு, கார் டயர் போன்ற அந்த வால்வில் பாய்லர் கையேட்டில் சொன்ன அளவுக்கு ஏற்ற வேண்டும், பல பாய்லர்களில் 1 பாரை ஒட்டி இருக்கும். அடித்தும் நிற்காவிட்டால் சவ்வு கிழிந்திருக்கிறது, வெசலையே மாற்ற வேண்டும். ஆனால் அதற்குப் பாய்லர் மூடியைத் திறக்க வேண்டும், பல மாடல்களில் அந்த மூடி எரியும் அறையின் காப்பும்கூட. அதனால் காஸ் சேஃப் ஆளிடம் விடுங்கள். வரும்போது பாதுகாப்பு வால்வையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒருமுறை குப்பை சிக்கினால் அது முழுசாக மூடாது. ரேடியேட்டர் வேலைக்கு அந்தப் பதிவு தேவையில்லை, அதை நீங்களே செய்யலாம்.

முதலில் வெசல், பிறகு ரேடியேட்டர். வரிசையை மாற்றினால் கழுவியதெல்லாம் வீண்.

நெல்லைச்சீமை

அண்ணா, எங்கள் வீட்டு முள்ளையும் பார்த்தேன். அதே ஏற்றம், அதே இறக்கம். இத்தனை நாள் யாரும் சொல்லவில்லை. ரேடியேட்டரைக் கழற்றும் முறையைக் கொஞ்சம் விரிவாக எழுதுங்கள், இரண்டு பேருக்கும் உதவும்.

குழாய்க்காரர்

எழுதுகிறேன். நிதானமாகச் செய்தால் கஷ்டம் இல்லை.

ஹீட்டிங்கை அணைத்து நன்றாக ஆறவிடுங்கள். டிஆர்வி பக்கம் 0-வுக்குத் திருப்பினால் போதும் என்று நினைக்காதீர்கள். அறை குளிர்ந்தால் உறைபனிப் பாதுகாப்புக்காக அது தானே திறந்துகொள்ளும், ரேடியேட்டர் இல்லாத குழாயிலிருந்து தண்ணீர் பாயும். தலையைக் கழற்றிவிட்டு ஊசியை அழுத்திப் பிடிக்கும் பிளாஸ்டிக் மூடியைத் திருகுங்கள், வால்வு வாங்கும்போது அதுவும் பெட்டியில் வரும். மறுபக்கம் லாக்ஷீல்ட், ஓட்டத்தை ஓர் அளவில் நிறுத்தி வைக்கும் வால்வு. அதை மூடும்போது எத்தனை சுற்று என்று எண்ணி, ரேடியேட்டருக்குப் பின்னால் சுவரில் பென்சிலால் எழுதி வையுங்கள். திரும்ப அதே அளவுக்குத் திறக்க வேண்டும்.

கீழே பழைய துண்டு, அதன் மேல் ஆழமில்லாத பாத்திரம். நட்டைத் திருகும்போது ஒரு ஸ்பேனரால் வால்வின் உடம்பைப் பிடித்துக்கொண்டு மறு ஸ்பேனரால் திருகுங்கள். பிடிக்காமல் திருகினால் செம்புப் பைப் முறுக்கிக்கொள்ளும். நட்டைக் கொஞ்சம் தளர்த்தியதும் தண்ணீர் கசியும். ப்ளீட் வால்வை மூடியே வைத்திருந்தால் மெதுவாக வரும், திறந்தால் வேகமாக வரும். பாத்திரம் நிரம்பும்போது ப்ளீட்டை மூடி, நட்டை இறுக்கி, கொட்டிவிட்டு வாருங்கள். தண்ணீர் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால், நிற்கவே இல்லையென்றால், வால்வு முழுசாக அடைக்கவில்லை. நட்டை இறுக்கிவிட்டு சிஸ்டத்தையே வடிக்க வேண்டும்.

தூக்குவதற்கு இரண்டு பேர். எவ்வளவு வடித்தாலும் உள்ளே சகதி மிச்சம் இருக்கும், இரண்டு வாயிலும் துணியோ டிஷ்யூவோ அடைத்து, வாய் மேலே இருக்கும்படி சாய்த்துத் தூக்குங்கள். அப்பழுக்கில்லாத கிரீம் கார்ப்பெட்டில் நடந்து போகிறீர்கள் என்பதை மறக்காதீர்கள். வால்வு வாய்களிலும் மூடியைத் திருகி வையுங்கள், யாராவது தெரியாமல் திறந்துவிட்டால் வீடு நனையும்.

வெளியே கொண்டுபோய் ஒரு வாயில் தோட்டத்து ஹோஸை வைத்து முழு வேகத்தில் அடியுங்கள். பின் அடுத்த வாய், பின் தலைகீழாக. நடுவே ரப்பர் சுத்தியலால் தகட்டில் தட்டுங்கள், கறுப்புக் கட்டிகள் உதிரும். தெளிந்த தண்ணீர் வந்ததும் நிறுத்தாதீர்கள், கவிழ்த்துத் தட்டினால் மறுபடி மை போல வரும். அந்தத் தண்ணீரைத் தெருவோரச் சாக்கடைக் கம்பிக்குள் விடாதீர்கள். மழைநீர்ச் சாக்கடை பல இடங்களில் நேரே ஆற்றுக்குப் போகிறது. கழிவறை அல்லது சமையலறைத் தண்ணீர் போகும் சாக்கடையில் விடுங்கள்.

திரும்ப மாட்டுவதற்கு முன் ஒரு வாயை அடைத்து மறு வாய் வழியே இன்ஹிபிட்டரை ரேடியேட்டருக்குள்ளேயே ஊற்றிவிடுங்கள். அடைத்த சிஸ்டத்தில் மருந்தை உள்ளே செலுத்த இதைவிட வசதியான நேரம் கிடையாது. ஃபெர்னாக்ஸ் எஃப்1, சென்டினல் எக்ஸ்100 இரண்டும் நான் பயன்படுத்துகிறவை, வீட்டு அளவுக்கு எவ்வளவு என்று பாட்டிலில் இருக்கும். அலுமினிய ஹீட் எக்ஸ்சேஞ்சர் உள்ள பாய்லர் என்றால் பொருந்துமா என்பதையும் பாட்டிலில் படியுங்கள். பிறகு மாட்டி, பிரஷரை 1.2 அளவுக்கு ஏற்றி, காற்று எடுத்து, நட்டுகளில் டிஷ்யூ வைத்துக் கசிகிறதா பாருங்கள். ஃபில்லிங் லூப்பை மூடி, கழற்றி வையுங்கள். இணைத்தபடியே விட்டுவிடக் கூடாது.

கறார்க்கணக்கு

கழுவும் மருந்தை முதலில் ஓடவிட வேண்டாமா? எக்ஸ்400 மாதிரி ஒன்று.

குழாய்க்காரர்

மற்ற ரேடியேட்டர்கள் கீழே கொஞ்சமாவது மந்தமாக இருந்தால் போடலாம். ஊற்றிச் சில வாரம் சாதாரணமாக ஹீட்டிங் ஓடவிட்டு, பிறகு வடித்து, தெளிந்த தண்ணீரால் கழுவி, அதன்பிறகே இன்ஹிபிட்டர். கழுவும் மருந்தை உள்ளேயே மறந்துவிட்டால் அது வேறு தொல்லை. கூடவே பாய்லருக்குத் திரும்பி வரும் பைப்பில் காந்த ஃபில்டர் ஒன்று போட்டால் இன்னும் நல்லது. கழுவிய பிறகும் மிச்சம் இருக்கும் சகதியை அது பிடித்துவைத்துக்கொள்ளும். புதிய பம்ப்புகளின் சுழலியிலேயே நிரந்தரக் காந்தம் இருக்கிறது, ஃபில்டர் இல்லாவிட்டால் மேக்னடைட் போய் ஒட்டுவது அங்கேதான்.

வேப்பமரம்

முடித்துவிட்டோம். வெசலுக்குக் காற்று அடிக்க வந்தவர் பாதுகாப்பு வால்வையும் மாற்றினார், காந்த ஃபில்டரும் போட்டார், எல்லாம் சேர்த்து 650-இல் பாதிக்கும் கீழ். ரேடியேட்டரை நானும் மச்சானும் தூக்கினோம். அதன் கனத்தைப் பற்றி நீங்கள் எச்சரித்தது போதாது அண்ணா! ஹோஸ் வைத்ததும் தார் போலக் கொட்டியது, பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துக் கார் எண்ணெயா என்று கேட்டார். இப்போது மேலிருந்து கீழ்வரை சூடு. முள் குளிரில் 1.2, சூட்டில் 1.7. பை காய்ந்திருக்கிறது.

மாடி மட்டும் இன்னும் கொதிக்கிறது.

குழாய்க்காரர்

அது பேலன்ஸ் வேலை. பாய்லருக்குப் பக்கத்தில் இருக்கும் ரேடியேட்டர்களுக்குத் தண்ணீர் எளிதாகப் போகிறது, அவை தேவைக்கு மேல் குடிக்கின்றன. எல்லா டிஆர்வியையும் முழுக்கத் திற. முதலில் சூடாகும் ரேடியேட்டர் எது என்று பார்த்து, அதன் லாக்ஷீல்டைக் கால் சுற்றுக் கால் சுற்றாக மூடு. உள்ளே போகும் பைப்புக்கும் வெளியே வரும் பைப்புக்கும் 10 முதல் 20 பாகை வித்தியாசம் வரும்வரை. கடைசியாகச் சூடாகும் ரேடியேட்டரை முழுக்கத் திறந்தே வை. பைப்பில் கட்டும் வெப்பமானி இரண்டு இருந்தால் கைச்சூட்டை நம்ப வேண்டியதில்லை. பாய்லர் 2005-க்குப் பிந்தையது என்றால் கண்டென்சிங் வகையாகத்தான் இருக்கும். திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 பாகைக்குக் கீழே இருந்தால்தான் அதன் சிக்கனம் கிடைக்கும். எல்லா ரேடியேட்டரும் முழுசாகச் சுட்டால் பாய்லர் வெப்பத்தை 60-க்குக் குறைத்துப் பாருங்கள்.

டோர்ட்மண்ட்காரன்

இதற்கு நாங்கள் காசு கொடுத்துக் கணக்குப் போட்டுச் சான்றிதழே வாங்குகிறோம்.

தணல்

அண்ணாமார்களுக்கு நன்றி. மின்னஞ்சலில் பிரிவு 11 என்று எழுதி, எது சூடு எது குளிர் என்று விவரமாகப் போட்டேன். மறுநாளே ஆள் அனுப்பினார்கள். காரணம் ஊசி இல்லை, லாக்ஷீல்ட் முழுக்க மூடியிருந்ததாம். பெயிண்ட் அடித்தவர் மூடிவிட்டுப் போயிருக்கிறார்.

நெல்லைச்சீமை

அந்த ஊசியை அழுத்தும் பிளாஸ்டிக் மூடி தனியாகக் கிடைக்குமா? பெட்டி எல்லாம் எப்போதோ தூக்கிப் போட்டாச்சு.

குழாய்க்காரர்

சில கம்பெனிகளுக்குத் தனியாகக் கிடைக்கும், ஆனால் திருகுவாய் அளவு மாறும், பெரும்பாலானவை 30 மில்லிமீட்டர். வால்வில் இருக்கும் பெயரைப் பார்த்து வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ரேடியேட்டரைக் கழற்றியதும் வால்வு வாயிலேயே முக்கால் அங்குலப் பித்தளை மூடியைத் திருகிவிடுங்கள், அது எந்தக் கடையிலும் இருக்கும்.